இங்கே இல்லாத ஆளை நினைத்து: திறமூலக் குழுவுக்குப் பேசும் இடங்களைத் தேர்ந்தெடுப்பது எப்படி

நானும் இன்னும் இருவரும் சேர்ந்து ஒரு சிறிய திறமூலக் கட்டளைவரி நிரலைப் பராமரிக்கிறோம். திறமூலம் என்றால் நிரலை யாரும் படிக்கலாம், திருத்தலாம்; கட்டளைவரி என்றால் கட்டளையைத் தட்டச்சு செய்து ஓட்டுவது. காணொளிகளுக்கு அடியில் ஓடும் வசனக் கோப்புகளை ஒரு வடிவத்திலிருந்து இன்னொரு வடிவத்துக்கு மாற்றுவதுதான் அதன் வேலை. தொடங்கியபோது மூன்று பேருக்கும் ஒரே அரட்டை அறை போதுமாக இருந்தது. மூன்றாம் ஆண்டில் பங்களிப்பவர்கள் 40 பேரைத் தாண்டிவிட்டார்கள். அப்போதும் அதே அறைதான்.

ஒருநாள் காலை ஒரு புல் ரிக்வெஸ்ட் ("என் மாற்றத்தை உங்கள் நிரலில் சேர்த்துக்கொள்ளுங்கள்" என்ற வேண்டுகோள்) வந்திருந்தது. எந்த வசனம் எப்போது தோன்ற வேண்டும் என்று சொல்லும் நேரக்குறிகளைப் படிக்கும் பகுதி முழுவதையும் ஒருவர் புதிதாக எழுதியிருந்தார். சோதனைகளோடு சேர்த்து 19 நாள் உழைப்பு. நல்ல வேலை, படிக்கவே அழகாக இருந்தது. ஆனால் அந்தப் பகுதியையே எடுத்துவிட்டு வெளியிலிருக்கும் ஒரு நூலகத்தை (பிறர் எழுதித் தயாராக வைத்திருக்கும் நிரல் தொகுப்பை) பயன்படுத்தலாம் என்று நாங்கள் ஐந்து வாரம் முன்பே முடிவு செய்திருந்தோம். ஓர் இரவு, அரட்டையில், நாற்பது நிமிடத்தில் முடிந்த பேச்சு அது. அவரிடம் சொன்னேன். ஒரு வரியில் பதில் வந்தது: "எங்கே முடிவு செய்தீர்கள்? ஆரம்பிப்பதற்கு முன் இஷ்யூக்கள் எல்லாவற்றிலும் தேடிப் பார்த்தேனே."

இஷ்யூ என்பது பிழைகளையும் வேலைகளையும் பதியும் பொதுப் பட்டியலில் ஒரு பதிவு. அங்கே தேடிப் பார்த்து, அவர் செய்ய வேண்டியதைச் சரியாகச் செய்திருந்தார். முடிவைத் தேடினால் கிடைக்காத இடத்தில் வைத்தது நாங்கள். அதற்கப்புறம் அவர் வரவில்லை.

இந்தக் கட்டுரையில் சொல்லப்போவது எல்லாம் அந்த ஒரு வரியிலிருந்து நாங்கள் கற்றுக்கொண்டவை. ஒரு திறமூலத் திட்டத்துக்கு எந்த இடம் சரி என்று பார்க்கும்போது, அங்கே இருப்பவர்களுக்கு அது வசதியா என்று கேட்பதைவிட, அந்த நேரத்தில் அங்கே இல்லாதவருக்கு அது கிடைக்குமா என்று கேளுங்கள். தூங்கிக்கொண்டிருப்பவர், வாரத்தில் இரண்டு மணி நேரம் மட்டும் ஒதுக்க முடிந்தவர், இரண்டு ஆண்டுகள் கழித்து வரப்போகிறவர் என்று அந்த ஆள் யாராகவும் இருக்கலாம்.

கருவிக்கு முன் பேச்சைப் பாருங்கள்

எந்தச் செயலி நல்லது என்று ஆரம்பித்தால் அந்த விவாதமே ஒரு மாதம் ஓடும். ஒவ்வொருவருக்கும் பழகிய ஒன்று இருக்கும், அதை விட மனம் வராது. அதனால் கருவியின் பெயரையே எடுக்காமல் முதல் வேலையை முடியுங்கள்.

நாங்கள் செய்தது இது. அரட்டையில் கடைசி 30 நாள் பேச்சை மூவரும் உட்கார்ந்து முதலிலிருந்து படித்தோம். ஒவ்வொரு உரையாடலுக்கும் ஒரு சொல் போட்டோம்: உதவி, வழு (நிரலில் இருக்கும் பிழை), முடிவு, அவசரம், நட்பு. ஒரு மாலை நேரம் பிடித்தது. எஸ்ஆர்டி, வெப்விடிடி இரண்டும் வசனக் கோப்பு வடிவங்கள். எஸ்ஆர்டி கோப்பில் மில்லிவினாடிக்கு முன் காற்புள்ளி வரும், வெப்விடிடியில் புள்ளி வரும்; அதைப் பற்றிய கேள்வி மட்டும் ஏழு தடவை வந்திருந்தது, ஏழு தடவையும் யாரோ ஒருவர் பொறுமையாகப் பதில் சொல்லியிருந்தார். நான்கு முடிவுகள் எடுத்திருந்தோம். யாரும் எங்கும் பதியாத இரண்டு வழுக்கள் கிடைத்தன. அதில் ஒன்று உண்மையிலேயே கோப்பைக் கெடுக்கக்கூடியது.

அப்புறம் ஒவ்வொரு வகைக்கும் பக்கத்தில் அதன் ஆயுளை எழுதுங்கள். "பில்ட் உடைந்திருக்கிறது, யாராவது பார்க்கிறீர்களா?" (நிரலைத் தொகுத்து ஓடும் வடிவாக்கும் வேலை நின்றுவிட்டது) என்பதன் ஆயுள் அரை மணி நேரம். அதற்குப் பிறகு அது யாருக்கும் வேண்டாம். காற்புள்ளிக் கேள்விக்கான பதிலின் ஆயுள் அந்த வடிவம் புழக்கத்தில் இருக்கும் வரை. ஒரு வடிவமைப்பு முடிவின் ஆயுள், அந்த நிரல்வரி இருக்கும் வரை. ஆயுள் குறைந்த பேச்சுக்கு அரட்டை பொருத்தம். ஆயுள் நீண்ட பேச்சு, தேடினால் கிடைக்கும் இடத்தில், நிலையான முகவரியோடு இருக்க வேண்டும். இந்த ஒரு பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டால் பாதித் தேர்வு தானாக முடிந்துவிடும்.

இன்னொரு கணக்கும் போடுங்கள்: எத்தனை பேர் கவனித்துக்கொள்ள இருக்கிறீர்கள்? ஒவ்வோர் இடத்துக்கும் ஒரு பொறுப்பாளர் வேண்டும். பொறுப்பாளர் பெயர் எழுத முடியாத இடத்தைத் திறக்கவே திறக்காதீர்கள். பதில் வராத அறை, அறையே இல்லாததைவிட மோசமானது. கேட்டவர் இரண்டு நாள் காத்திருந்துவிட்டுப் போய்விடுவார், போனது நமக்குத் தெரியவும் தெரியாது. பத்து பேருக்குக் குறைவான குழு என்றால் என் பரிந்துரை: வழுப் பட்டியல் ஒன்று, பொதுவாகப் பேச ஓரிடம், ரகசியமாக எழுத ஒரு முகவரி. மூன்று போதும்.

வழுவும் வேலையும்

இதில் அதிகம் யோசிக்க வேண்டியதில்லை. நிரல் எங்கே இருக்கிறதோ அங்கேயே இருக்கும் இஷ்யூ பட்டியலைப் பயன்படுத்துங்கள். கிட்ஹப், கிட்லேப், கோட்பெர்க் எதுவானாலும் சரி. டெபியன் என்ற லினக்ஸ் விநியோகம் (லினக்ஸை மற்ற நிரல்களோடு சேர்த்து வெளியிடும் தொகுப்பு) மாதிரி மின்னஞ்சலாலேயே வழுவைப் பதிந்து, மின்னஞ்சலாலேயே முடித்துவைக்கும் பெரிய அமைப்புகளும் இருக்கின்றன. சிறிய குழு அதை முயலத் தேவையில்லை.

ஒன்றை மட்டும் பழக்கமாக்குங்கள். அரட்டையில் யாராவது வழுவைச் சொன்னால், "இஷ்யூ போடுங்கள்" என்று திருப்பி அனுப்பாதீர்கள். முதல் தடவை நீங்களே போட்டு, அதன் இணைப்பை அவருக்குக் கொடுங்கள். அடுத்த தடவை அவரே போடுவார். திருப்பி அனுப்பினால் பலர் போடாமலேயே விட்டுவிடுகிறார்கள்.

முடிவுகள்: இங்கேதான் அதிகக் கவனம் வேண்டும்

பல திறமூலத் திட்டங்களை நடத்தும் அப்பாச்சி அறக்கட்டளையின் திட்டங்களில் நெடுங்காலமாகச் சொல்லப்படும் ஒரு வாக்கியம் உண்டு: மடலாடற்குழுவில் (எழுதும் மின்னஞ்சல் உறுப்பினர் எல்லோருக்கும் போகும் குழுவில்) நடக்காதது நடக்கவே இல்லை. முதலில் கேட்டபோது எனக்கு அது பிடிவாதமாகத் தோன்றியது. 19 நாள் உழைப்பு வீணானதைப் பார்த்த பிறகு அதன் அர்த்தம் புரிந்தது. இரண்டு பேர் நேரில் பேசலாம், தொலைபேசியில் பேசலாம், அரட்டையில் பேசலாம், எதற்கும் தடையில்லை. ஆனால் அந்தப் பேச்சு குழுவின் முடிவாக மாறுவது, எல்லோரும் பார்க்கும் இடத்தில் எழுதி, மறுப்புச் சொல்ல நேரம் கொடுத்த பிறகுதான். அப்பாச்சியில் வாக்கெடுப்புகளைக் குறைந்தது 72 மணி நேரமாவது திறந்து வைப்பது வழக்கம். மூன்று நாள் என்றால் எந்த நேர மண்டலத்தில் இருப்பவருக்கும், அலுவலக வேலை முடிந்து வந்து உட்காருபவருக்கும் ஒரு வாய்ப்பாவது கிடைக்கும்.

எல்லாவற்றுக்கும் வாக்கெடுக்க வேண்டாம். மறுப்பு வராவிட்டால் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளும் முறையும் அங்கேதான் நன்றாக வேரூன்றியது. சிறிய குழுவுக்கு இது மிகவும் ஏற்றது. நாங்கள் இப்போது அரட்டையில் ஏதாவது முடிவை நெருங்கினால், பேசியவர்களில் ஒருவர் அன்றைக்கே இஷ்யூவில் எழுதிவைக்கிறார். அந்த நேரக்குறி முடிவை அப்போதே எழுதியிருந்தால் இப்படி இருந்திருக்கும்:

"இன்று அரட்டையில் பேசியது. யோசனை: நேரக்குறிப் பகுதியை நீக்கிவிட்டு நூலகத்துக்கு மாறலாம். காரணம்: ஏஎஸ்எஸ் வடிவம் வினாடியை நூறாகத்தான் பிரிக்கிறது, எஸ்ஆர்டி ஆயிரமாகப் பிரிக்கிறது, மாற்றும்போது நம் கணக்கு சில இடங்களில் தவறுகிறது, நூலகம் சரியாகச் செய்கிறது. எதிர்க் காரணம்: வெளிச்சார்பு ஒன்று கூடும், அதாவது பிறர் நிரலை நம்பியிருக்க வேண்டும். வெள்ளிக்கிழமை வரை மறுப்பு வராவிட்டால் இதையே முடிவாக எடுத்துக்கொள்கிறோம்."

இந்தக் குறிப்பில் எதிர்க் காரணம் கட்டாயம் இருக்க வேண்டும் என்பது எங்கள் விதி. ஏனென்றால் இரண்டு ஆண்டுகள் கழித்து வருகிறவர் அதே மறுப்போடுதான் வருவார். நாங்கள் அதை யோசித்தோமா, யோசிக்கவே இல்லையா என்பது அவருக்குத் தெரிய வேண்டும்.

பெரிய திட்டங்கள் இதை எப்படிச் செய்கின்றன என்று பார்த்தால் ஒரே நூல் எல்லாவற்றிலும் ஓடுகிறது. போஸ்ட்கிரெஸ்கியூஎல் என்ற தரவுத்தளத் திட்டத்தின் கமிட் செய்திகளை (நிரலில் சேரும் ஒவ்வொரு மாற்றத்தோடும் எழுதும் குறிப்புகளை) திறந்து பாருங்கள். பலவற்றின் அடியில் "டிஸ்கஷன்" என்று ஒரு வரி, அந்த மாற்றத்தைப் பற்றிய மடல் இழைக்கு இணைப்போடு இருக்கும். ஒரு வரி நிரல் ஏன் இப்படி இருக்கிறது என்று சந்தேகம் வந்தால், கமிட்டுக்குப் போய், அங்கிருந்து விவாதத்துக்கே போய்விடலாம். பைதான் நிரல்மொழியின் பெப் என்ற முன்மொழிவு ஆவணங்களில் எங்கே விவாதிக்கப்பட்டது, எங்கே முடிவானது என்று தலைப்பகுதியிலேயே வரிகள் இருக்கின்றன. ரஸ்ட் நிரல்மொழியில் பெரிய மாற்றங்கள் ஆர்எஃப்சி என்ற முன்மொழிவாக வந்து, பொதுவெளியில் பேசப்பட்டு, ஆவணமாகத் தங்குகின்றன. நிரலிலிருந்து பேச்சுக்கு ஒரு பாலம் இருக்கிறது, அவ்வளவுதான். உங்கள் குழுவில் ஐந்து பேர்தான் என்றாலும் கமிட் செய்தியில் இஷ்யூ எண்ணைப் போடுவதற்குக் காசும் இல்லை, நேரமும் இல்லை. இன்றைக்கே ஆரம்பிக்கலாம்.

அரட்டை: வேண்டும், ஆனால் அளவோடு

அரட்டையே வேண்டாம் என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. புதிதாக வருகிறவர் தன் முதல் கேள்வியை இஷ்யூவில் எழுதக் கூச்சப்படுவார்; அது என்றைக்கும் தன் பெயரோடு நிற்குமே என்ற பயம். அரட்டையில் கேட்டுவிடுவார். எங்கள் திட்டத்தில் இன்று முக்கியமான வேலை செய்யும் மூன்று பேர் "இது முட்டாள்தனமான கேள்வியாக இருந்தால் மன்னிக்கவும்" என்று அரட்டையில் தொடங்கியவர்கள். ரிலீஸ் நாளில் நான்கு பேர் ஒரே நேரத்தில் ஒரு சிக்கலை அவிழ்க்கும்போது அரட்டைக்கு ஈடு எதுவும் இல்லை.

எந்த அரட்டை என்பதற்குச் சில கேள்விகள் இருக்கின்றன. கணக்குத் தொடங்காமல் ஒருவர் படிக்க முடியுமா? தேடுபொறிக்குத் தெரியுமா? முழு வரலாற்றையும் கோப்பாக இறக்கி எடுத்துக்கொள்ள முடியுமா? அறையின் பெயரும் முகவரியும் யார் கையில் இருக்கின்றன? திரைவாசிப்பான் பயன்படுத்துபவருக்கு வேலை செய்யுமா? தொல்லை கொடுப்பவரை வெளியேற்றவும் அவர் எழுதியதை நீக்கவும் வசதி உண்டா? ஒவ்வொரு கருவியும் இதில் சிலவற்றுக்கு ஆம் என்று சொல்லும், சிலவற்றுக்கு இல்லை என்று சொல்லும். எல்லாவற்றுக்கும் ஆம் சொல்லும் ஒன்றை நான் இன்னும் பார்க்கவில்லை.

ஐஆர்சி என்ற எழுத்து அரட்டை முறை 1988இல் பிறந்தது, இன்றும் உயிரோடு இருக்கிறது. மிக இலகுவானது, எந்தப் பழைய கணினியிலும் ஓடும். ஆனால் வழக்கமான சேவையகங்களில் நீங்கள் இணைப்பில் இல்லாத நேரத்தில் பேசியது உங்களுக்குக் கிடைக்காது. அதற்குத் தனியாக ஏதாவது ஏற்பாடு செய்ய வேண்டும். இங்கே இல்லாத ஆளை நினைத்துப் பார்த்தால் இது பெரிய குறை. மொசில்லா 2020இல் தன் ஐஆர்சி சேவையகத்தை மூடிவிட்டு மேட்ரிக்ஸுக்கு மாறியது. மேட்ரிக்ஸ் திறந்த நெறிமுறை, வரலாறு தங்கும், விரும்பினால் சொந்தச் சேவையகம் வைத்துக்கொள்ளலாம்.

ஸ்லாக், டிஸ்கார்ட் என்ற அரட்டைச் சேவைகள் பழக எளிது, பலருக்கு ஏற்கெனவே கணக்கு இருக்கும். அது உண்மையான பலம், குறைத்து மதிப்பிட வேண்டாம். ஆனால் ஸ்லாக்கின் இலவசத் திட்டத்தில் 2022 செப்டம்பர் முதல் கடைசி 90 நாள் செய்திகள்தான் கண்ணுக்குத் தெரியும். டிஸ்கார்டில் பேசுவது சாதாரணமாகத் தேடுபொறிகளுக்கு எட்டாது. ஆக, அங்கே கொடுக்கும் நல்ல பதில் கேட்டவருக்கு மட்டும்தான் பயன்படும். இதைத் தெரிந்துகொண்டு, ஆயுள் குறைந்த பேச்சுக்கு மட்டும் பயன்படுத்தினால் பிரச்சினை இல்லை.

நாங்கள் கடைசியில் ஜூலிப் என்ற அரட்டைக் கருவிக்கு வந்தோம். ஒவ்வொரு செய்தியும் ஒரு தலைப்பின் கீழ் வருவதால், மூன்று நாள் கழித்து வருகிறவரும் தனக்கு வேண்டிய பேச்சை மட்டும் படித்து, விட்ட இடத்திலிருந்து தொடர முடிகிறது. ரஸ்ட் மொழியின் பல குழுக்கள் அங்கேதான் பேசுகின்றன. புதியவர்களுக்கு முதல் பத்து நிமிடம் குழப்பமாக இருக்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். தலைப்பு போடாமல் எழுதுவார்கள். யாராவது எடுத்துச் சரியான தலைப்புக்கு நகர்த்த வேண்டும். அந்த வேலையை ஒருவர் விருப்பத்தோடு ஏற்றுக்கொண்டதால்தான் எங்களுக்கு இது நடக்கிறது.

அறைகளை எண்ணிக்கையில் குறைவாக வையுங்கள். நாங்கள் முதல் நாளே பன்னிரண்டு அறைகள் திறந்தோம். ஒன்பதில் யாருமே பேசவில்லை. உள்ளே வந்தவர் வெற்று அறைகளைப் பார்த்துவிட்டு, திட்டமே செத்துவிட்டது என்று நினைத்துக்கொண்டார். இப்போது மூன்றுதான் இருக்கின்றன. ஓர் அறையில் ஒரே விஷயம் மற்ற பேச்சை மூழ்கடிக்கும் அளவுக்கு வளர்ந்தால் மட்டும் பிரிக்கிறோம்.

அறையின் சாவி யாரிடம்

இதைத் தனியாகச் சொல்ல வேண்டும். 2021 மே மாதத்தில் ஃப்ரீநோட் என்ற ஐஆர்சி வலையமைப்பில் நிர்வாக உரிமை பற்றிய பிரச்சினை வெடித்தது. தன்னார்வ நிர்வாகிகள் கூட்டமாக விலகி லிபெரா சாட் என்ற புதிய வலையமைப்பைத் தொடங்கினார்கள். திறமூல உலகத்தின் பெரும் பகுதி பல ஆண்டுகளாக ஃப்ரீநோடில்தான் பேசிக்கொண்டிருந்தது. உபுண்டு, ஜென்டூ, விக்கிமீடியா என்று பலரும் சில நாள்களில் இடம் மாறினார்கள். புதிய இடத்தின் பெயரை அறைத் தலைப்பில் எழுதிவைத்திருந்த பல அறைகளை ஃப்ரீநோட் நிர்வாகம் தன் கைக்கு எடுத்துக்கொண்டது. பழைய அறைக்கு வருகிறவருக்கு "நாங்கள் அங்கே போய்விட்டோம்" என்று சொல்லக்கூட வழி இல்லாமல் போனது.

அதிலிருந்து நான் எடுத்துக்கொண்ட வேலை முறை: அரட்டையின் நேரடி முகவரியை எங்கும் பரப்பாதீர்கள். உங்கள் கையில் இருக்கும் ஒரு பக்கத்தின் முகவரியை மட்டும் கொடுங்கள். திட்டத்தை அறிமுகப்படுத்தும் ரீட்மீ கோப்பாக இருந்தாலும் போதும். அந்தப் பக்கத்தில் அரட்டையின் முகவரி இருக்கட்டும். நாளைக்கு இடம் மாறினால் ஒரே ஒரு வரியை மாற்றினால் போதும். கூடவே, எந்த இடத்திலும் நிர்வாகி உரிமை குறைந்தது இரண்டு பேரிடம் இருக்க வேண்டும். ஒருவர் உடல்நலமில்லாமல் ஆறு மாதம் விலகினாலும் கதவு திறக்க வேண்டும் அல்லவா?

மடலாடற்குழுவா, விவாதக் களமா

லினக்ஸின் மையப் பகுதியான கெர்னல் இன்றும் மின்னஞ்சலில்தான் வளர்கிறது. பேட்ச்கள் (நிரல் திருத்தங்கள்) மடலாக வருகின்றன, மடலிலேயே வரிவரியாகத் திறனாய்வு நடக்கிறது, எல்லாம் பொதுக் காப்பகத்தில் சேர்கிறது. 1991 ஆகஸ்ட் 25இல் லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ், மினிக்ஸ் என்ற இயங்குதளத்துக்கான செய்திக்குழுவில் எழுதிய முதல் அறிவிப்பை இன்றும் படிக்க முடிகிறது. மின்னஞ்சலின் பலம் அதுதான்: எந்த ஒரு நிறுவனத்தின் கையிலும் அது இல்லை, ஒவ்வோர் உறுப்பினரிடமும் ஒரு பிரதி இருக்கிறது. குறையும் உண்டு. புதிதாக வருகிறவர்களில் பலருக்கு மடலாடற்குழு பழக்கமே இல்லை. சேர்ந்த மறுநாளே பெட்டி நிரம்பிவிடும், விலகிவிடுவார்கள்.

பைதான் குழு 2018இல் டிஸ்கோர்ஸ் என்ற திறமூல விவாதக் களத்தைத் தொடங்கி, பிறகு கொஞ்சம் கொஞ்சமாக முக்கிய விவாதங்களை அங்கே கொண்டுபோனது. குனோம் திட்டமும் 2022இல் தன் மடலாடற்குழுக்களை மூடிவிட்டு டிஸ்கோர்ஸுக்கே போனது. டிஸ்கோர்ஸில் மின்னஞ்சல் வழியாகவும் பின்தொடரலாம், பதில் எழுதலாம். பழையவர்களுக்கு அது ஆறுதல். தேர்வு செய்ய எளிய வழி இருக்கிறது: கடந்த ஆண்டு உங்கள் திட்டத்துக்குள் புதிதாக வந்த பத்துப் பேரிடம் கேளுங்கள், முதலில் எங்கே தேடினீர்கள் என்று. பழைய ஆள்களிடம் கேட்டால் அவர்கள் இருக்கும் இடத்தைத்தான் சொல்வார்கள்.

இரண்டில் ஒன்றைக்கூடப் பராமரிக்க ஆள் இல்லையென்றால் கிட்ஹபின் டிஸ்கஷன்ஸ் பகுதி போதும். நிரல் இருக்கும் இடத்திலேயே இருக்கிறது, தனிக் கணக்கு வேண்டாம், தேடினால் கிடைக்கும். எங்கள் காற்புள்ளிக் கேள்விக்கான பதில் இப்போது அங்கேதான் இருக்கிறது. யார் கேட்டாலும் அந்த இணைப்பைத்தான் கொடுக்கிறோம். கொடுத்த கையோடு "இதில் புரியாதது ஏதாவது இருந்தால் சொல்லுங்கள், திருத்துகிறோம்" என்றும் சேர்க்கிறோம். வெறும் இணைப்பை மட்டும் போடுவது கதவைச் சாத்துவது போல இருக்கும்.

பொதுவில் பேசக் கூடாதவை

எல்லாம் திறந்த இடத்தில் என்று இதுவரை சொன்னேன். இரண்டு விஷயங்களுக்கு மட்டும் மூடிய கதவு வேண்டும்: பாதுகாப்புக் குறைபாடு, நடத்தை பற்றிய புகார்.

எங்களிடம் ரகசிய முகவரி எதுவும் இல்லாத காலத்தில், ஒருவர் கோப்புப்பெயர் வழியாகக் கட்டளை ஓட்டக்கூடிய ஓர் ஓட்டையைக் கண்டுபிடித்தார். யாரிடம் சொல்வது என்று தேடினார், கிடைக்கவில்லை. கடைசியில் பொது அரட்டையிலேயே முழு விவரத்தையும் எழுதினார். அவர்மேல் குறை சொல்ல எனக்கு வாய் வராது. திருத்தத்தை வெளியிட எங்களுக்கு இரண்டு நாள் ஆனது. அந்த இரண்டு நாளும் வழி எல்லோருக்கும் தெரிந்திருந்தது. நான் சரியாகத் தூங்கவில்லை.

ரெப்போவில் (நிரல் இருக்கும் களஞ்சியத்தில்) செக்யூரிட்டி என்ற பெயரில் ஒரு கோப்பு வையுங்கள். எங்கே எழுத வேண்டும், எத்தனை நாளில் பதில் வரும் என்ற இரண்டும் அதில் இருந்தால் போதும். கிட்ஹபில் இருந்தால் குறைபாடுகளைத் தனிப்பட்ட முறையில் தெரிவிக்கும் வசதியை அமைப்புகளில் இயக்கிவிடுங்கள். எழுதுவது ஒருவருக்கு மட்டும் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். 2024 மார்ச்சில், கோப்புகளைச் சுருக்கும் எக்ஸ்இசட் நிரலில் பின்கதவு (ரகசியமாக உள்ளே நுழைய வைத்த வழி) கண்டுபிடிக்கப்பட்டது நினைவிருக்கும். தொலைவிலிருந்து கணினிக்குள் நுழையப் பயன்படும் எஸ்எஸ்ஹெச் வழி நுழைவு அரை வினாடி தாமதமாவதைக் கவனித்துத் துருவிய ஆண்ட்ரஸ் ஃப்ராய்ண்ட், அதை மூலத் திட்டத்தின் வழுப் பட்டியலில் பதியவில்லை; அந்தத் திட்டத்துக்கு உள்ளிருந்தே அது வந்திருப்பதாகத் தெரிந்ததுதான் காரணம். டெபியனின் பாதுகாப்புக் குழுவுக்கும், பிறகு லினக்ஸ் விநியோகங்களின் மூடிய மடலாடற்குழுவுக்கும் எழுதினார். அதற்கப்புறம்தான் மார்ச் 29 அன்று ஓஎஸ்எஸ்-செக்யூரிட்டி மடலாடற்குழுவில் பொதுவாக அறிவித்தார். திட்டத்துக்கு வெளியேயும் இப்படி நம்பகமான வழிகள் உண்டு என்பதைப் பராமரிப்பாளர்கள் தெரிந்துவைத்திருப்பது நல்லது.

மூடிய கதவுக்குக் காலவரை வேண்டும். மேலே சொன்ன விநியோகங்களின் மடலாடற்குழுவில் ஒரு குறைபாட்டை அதிகபட்சம் 14 நாள்தான் ரகசியமாக வைக்கலாம். எங்களுக்கு 30 நாள் என்று வைத்திருக்கிறோம். திருத்தம் வந்தவுடன் நடந்ததைப் பொதுவில் எழுதிவிடுகிறோம்.

நடத்தைப் புகாருக்கு இரண்டு தனி நபர்களின் முகவரிகளைக் கொடுங்கள், குழு முகவரி மட்டும் போதாது. புகார் அந்தக் குழுவில் இருக்கும் ஒருவர்மேலேயே இருக்கலாம். அப்போது எழுத நினைப்பவர் யாருக்கு எழுதுவார்?

அழைப்புகள்

காணொளி அழைப்பு மாதம் ஒன்று போதும். குபர்நெட்டிஸ் என்ற பெரிய திறமூலத் திட்டத்தின் சிறப்புக் குழுக்கள் தங்கள் கூட்டங்களைப் பதிவு செய்து வெளியிடுகின்றன, குறிப்புகளையும் பொதுவில் வைக்கின்றன. பதிவைவிடக் குறிப்பு முக்கியம் என்பது என் அனுபவம். ஒரு மணி நேரப் பதிவை உட்கார்ந்து பார்ப்பவர் குறைவு. நேரத்தை ஒரு மாதம் காலையும் மறு மாதம் மாலையுமாக மாற்றி வையுங்கள். அழைப்பில் முடிவு எடுக்காதீர்கள், யோசனையோடு நிறுத்திக்கொண்டு இஷ்யூவில் எழுதுங்கள்.

பழைய இடத்தை மூடும்போது

புதிதாக ஒன்றைத் திறப்பவர்கள் பழையதை மூட மறந்துவிடுகிறார்கள். இரண்டு இடத்திலும் பாதிப் பாதி ஆள்கள், இரண்டிலும் பாதிப் பதில்கள். இரண்டையும் ஒரு பாலம் போட்டு இணைத்துவிடலாம் என்று ஆசை வரும். நாங்களும் நான்கு மாதம் செய்தோம். பெயர்கள் குழம்பின, ஓர் இடத்தில் நீக்கிய செய்தி மறு இடத்தில் நின்றது. இடம் மாறும் காலத்துக்கு மட்டும் பாலம் வைத்துக்கொள்ளலாம், நிரந்தரமாக வேண்டாம்.

மூடும் நாளை ஒரு மாதம் முன்பே அறிவியுங்கள். வரலாற்றை இறக்கி ஏற்றுமதிக் கோப்பாக எடுத்து வையுங்கள். ஆனால் தனிச் செய்திகளைத் தொடாதீர்கள், அறையில் பேசியதைக்கூட வெளியிடுவதற்கு முன் உறுப்பினர்களிடம் கேளுங்கள். தேறும் பதில்களைக் கையால் பொறுக்கிப் புதிய இடத்தில் எழுதுங்கள். எங்கள் மூன்று ஆண்டு அரட்டையில் அப்படித் தேறியவை 61. நான்கு பேர் இரண்டு வார இறுதிகளில் முடித்தோம். பிறகு பழைய அறையைப் படிக்க மட்டும் என்று மாற்றி, மேலே புதிய பக்கத்தின் முகவரியைப் பதித்தோம். அழிக்கவில்லை. எங்கோ ஒரு பழைய பயிற்சிக் குறிப்பில் அந்த அறையின் முகவரி இன்னும் இருக்கிறது போலும், மாதத்துக்கு ஒருவரோ இருவரோ இன்னும் அந்த வழியாக வருகிறார்கள். மேலே இருக்கும் வரியைப் படித்துவிட்டு இந்தப் பக்கம் வந்து சேர்ந்துவிடுகிறார்கள்.